படுத்தால் அடிக்கும் மணி

தூத்துக்குடி,
பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்,
வியாழக்கிழமை.

பனிமய மாதாவின் பார்வையில் சுகமாக இருக்கும் என் பெரிய மதினி பிளாரன்ஸ் அம்மாளுக்கு, உங்கள் தம்பி செபாஸ்டின் விட்டுப்போன மிக்கேலம்மாள் மரியாதையோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும், நீங்கள் வளர்க்கும் கோழிகளும், புன்னைக்காயல் காற்றும் நல்லபடியாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். என்னைப் பற்றி நீங்கள் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். எனக்கும் சுகர்தான், காலில் சிப்பி கீறிய புண் ஆறாமல் பத்து நாளாக இங்கே கிடக்கிறேன். நீங்கள் பார்க்க வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதோடு இன்னொரு சங்கதியும் உண்டு, உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள்.

அவர் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஊரே கேட்க நீங்கள் சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. "எந்தம்பி உசிரு போவும்போது இவ பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்துருக்கா" என்றீர்கள். அன்றைக்கு நடந்தது என்ன? வேறொரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். பகல் பதினொன்றரைக்கு அவர் விரலில் குத்தி சுகர் பார்த்தார்கள், இன்சுலின் போட்டார்கள், சோறு பிடிக்கவில்லை என்று ரெண்டு வாய் தின்றுவிட்டுப் படுத்தார், நானும் நாற்காலியில் கண்ணசந்தேன், அடுத்தபடி குத்துவதற்கு அவர்கள் வந்தது நாலரைக்கு. இடையில் சுகர் இறங்கி இறங்கி ஆளையே கொண்டுபோய்விட்டது. அந்த அஞ்சு மணி நேரமும் என் தலையில் என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். வருஷ நினைவுப் பூசையில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டேன் என்று ஆளும் அனுப்பினீர்கள். பூசைக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது. அதற்குள் நான் ஜெயித்துவிட்டேன் மதினி, எப்படி என்று கேளுங்கள்.

இங்கே வந்த மறுநாள் என் இடது கையில், தோளுக்குக் கீழே, பெரிய சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்றை ஒட்டினார்கள். அதற்குள் மயிரிழை மாதிரி ஒரு கம்பி தோலுக்கடியில் போகிறதாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுகர் எத்தனை என்று அதுவே நர்ஸ் மேஜையிலுள்ள போனுக்குச் சொல்லிவிடுமாம், எழுபதுக்குக் கீழே இறங்கினால் மணியடிக்குமாம். நாசரேத்துப் பிள்ளை ஜெபசுதாதான் என் நர்ஸ், அவள் இதை விளக்கிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறது என்று நினைத்து அவள் ஊதிவிட்டாள். வலியா? இந்தப் பொத்தான் ஒன்று அவர் கையில் இருந்திருந்தால் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை.

முதல் நாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தேன், மணி அடித்துவிட்டது. அறுபதுக்குக் கீழே என்று ரெண்டு நர்ஸும் ஒரு ஆயாவும் ஓடிவந்து, விரலில் குத்தியும் பார்க்காமல், குளுக்கோஸ் தண்ணீரை என் வாயிலும் கழுத்திலும் ஊற்றினார்கள். சாயங்காலம் பார்த்தால் சுகர் இருநூற்றுத் தொண்ணூறு. டாக்டர் தேவபிரசாதம் வந்து, "என்னம்மா தின்னீங்க, மக்ரூனா?" என்று கேட்டார். "உங்க பிள்ளைங்க ஊத்துன குளுக்கோஸைத்தான் தின்னேன்" என்றேன். அவர் என்னை நம்பாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்த முந்திரி இனிப்பு டப்பாவைத் தேடினார், பக்கத்துக் கட்டில் சீனித்தாயின் டப்பா அகப்பட்டது, அவளுக்கும் சர்க்கரை வியாதி, அவள் என்னோடு ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் மதியமும் படுத்தேன், மணி. இந்தத் தடவை ஜெபசுதா கெட்டிக்காரத்தனமாக முதலில் விரலில் குத்தினாள், நூற்று நாற்பத்தெட்டு இருந்தது. மூன்றாம் நாளும் அதே கூத்து. படுத்தால் மணி, குத்தினால் ஒன்றுமில்லை. வார்டில் ஒருத்தருக்கும் மதியத் தூக்கம் கிடையாது. சீனித்தாய் கோபத்தை மறந்து, "ஏளா மிக்கேலு, உன் மாப்பிள்ளைதான் மேல இருந்து மணி அடிக்காவ, ஒரு பூசை வச்சுரு" என்றாள். டாக்டர், "பொத்தான் சரியில்ல, எடுத்துருங்க, பழையபடி நாலு நேரம் குத்துனாப் போதும்" என்றார்.

நான் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "நாலு நேரம் குத்தித்தான் எங்க வீட்டுக்காரரைக் குழியில வச்சோம். இதை எடுக்கணும்னா என் கையோட எடுங்க" என்றேன். அவர் நல்ல மனுஷன், "நாளைக்கு ஒரு நாள் பாப்போம்" என்று போய்விட்டார்.

ஒரு நாள்தான் தவணை. உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் தம்பி சங்கு குளிக்கப் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், காற்றுக்குழாய் கடலுக்குள் அவர் வாய்க்குப் போகும். ஒரு தடவை மேலே நின்ற மடையன் ஒருத்தன் குழாயை மிதித்துக்கொண்டு பீடி பற்ற வைத்தான், அடியில் இவருக்குக் காற்று நின்றுபோய் மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தார். கம்ப்ரசரில் குறையில்லை, குழாயிலும் குறையில்லை, மிதித்த காலில்தான் குறை. அது ஞாபகம் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எப்போதும் இடது பக்கம் திரும்பித்தான் படுப்பேன் மதினி. முப்பத்தோரு வருஷம் அவர் அந்தப் பக்கம் படுத்தார், இப்போது அங்கே ஆஸ்பத்திரிச் சுவர் இருக்கிறது, ஆனாலும் உடம்பு அங்கேதான் திரும்புகிறது. பொத்தானை மிதித்துக்கொண்டிருந்தது நான்தான்!

மறுநாள் காலையில் டாக்டரை நிற்க வைத்து, "பாருங்க" என்று இடது பக்கம் படுத்தேன். அவர் கையில் போனோடு நின்றார். கால் மணி நேரம் போனது, நூற்று அறுபது நூற்றுப் பத்தாகி, எண்பதாகி, அதற்கும் கீழே போய் மணியும் அடித்தது. எழுந்து உட்கார்ந்தேன், கொஞ்ச நேரத்தில் தானாக ஏறிவிட்டது. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அழுந்தினா குறைச்சுக் காட்டும்னு படிச்சிருக்கேன்மா, மறந்தே போச்சு" என்றார். "அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படிச்சவளுக்கு மறக்கதுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரய்யா" என்றேன். சீனித்தாய் கை தட்டினாள்.

கதை அதோடு முடியவில்லை. முதல் நாள் குளுக்கோஸ் ஊற்றி ஏறின சுகருக்காக இன்சுலினைக் கூட்டி எழுதியிருந்தார்கள், பிறகு குறைக்க மறந்துவிட்டார்கள். நேற்று மதியம் சோறு குழைந்திருந்தது, பாதி தின்றேன். பிறகு உட்கார்ந்து சீனித்தாய்க்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. ஜெபசுதா மேஜையை விட்டு எழும்பாமலே, "அம்மா, வலது பக்கம் திரும்பிப் படுங்க!" என்று கத்தினாள். "ஏளா, நான் உக்காந்துல்லா இருக்கேன்! இது நெசம், ஓடி வா!" என்று நான் கத்தினேன். ஓடிவந்து குத்தினாள், ஐம்பத்து நாலு. எனக்கு மயக்கமில்லை, நடுக்கமில்லை, மூக்கு நுனியில் ரெண்டு சொட்டு வியர்வை, அவ்வளவுதான். குளுக்கோஸ் குடித்தேன், கால் மணி நேரத்தில் ஏறிவிட்டது. டாக்டர் இன்சுலினைக் குறைத்து எழுதிவிட்டு, "இனி யாருக்குப் பொத்தான் ஒட்டினாலும் எந்தப் பக்கம் படுப்பீங்கன்னு முதல்ல கேட்கணும்" என்று நர்ஸுகளுக்குச் சொன்னார். அது என் சட்டம்!

இப்போது சொல்லுங்கள் மதினி. என் உடம்பிலேயே இறங்கியது எனக்கே தெரியவில்லை, அவர் உடம்பில் இறங்கியது எனக்கு எப்படித் தெரியும்? அது சத்தம் போடாமல் வருகிறது. அவர் போனது மணி இல்லாததால், நான் தூங்கியதால் இல்லை. இதை உங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று சொல்லவும் நான் தயார். பூசையில் நான் முன் பெஞ்சில் தலை நிமிர்ந்து உட்காருவேன். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள். என் வீட்டுக்கு வர வேண்டாம், பேசவும் வேண்டாம்.

உங்கள் கோழிகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மாதா ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
குற்றமில்லாத
மிக்கேலம்மாள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து நெஞ்சில் வைத்தபடி சற்றுக் கண்ணசந்தேன். காலையில்தான் புதுப் பொத்தானை வலது கையில் மாற்றி, "இனி உங்க இஷ்டம்போல இடது பக்கம் படுங்கம்மா" என்றிருந்தார்கள். படுத்திருக்கும்போது நிஜமாகவே அறுபத்தாறுக்கு இறங்கி மணி அடித்திருக்கிறது. வார்டு முழுக்க எழும்பிவிட்டது. ஆயா எழும்பினாள், வாசலில் படுத்திருந்த நாய் எழும்பியது. கடைசியில் சீனித்தாய் நொண்டிக்கொண்டு வந்து என்னை உலுக்கி, "ஏளா, உன் மணி ஊரையே எழுப்பிட்டு, நீ செத்த பிணமால்லா கிடக்க!" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை மதினி. ஆகவே மேலே "நான் தூங்கியதால் இல்லை" என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், எனக்குக் கை வரவில்லை. மணி சத்தம் கேட்கிற ஆள் ஒன்று கூட இருந்தால்தான் வீட்டுக்கு விடுவேன் என்கிறார் டாக்டர். உங்களுக்குக் கோழி சிறகை உதறினாலே முழிப்பு வரும். சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வாருங்கள். மக்ரூன் வேண்டாம், பொத்தான் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக் கட்டிலில் இடது பக்கம் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள், ஒரு வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது.