தலையாட்டி வாங்கின சோலார்

"இன்னாங்க, மிக்ஸி மறுபடியும் நின்னுபோச்சு" என்று அகல்யா சமையலறையிலிருந்து சொன்னாள். எழிலரசன் காது கேளாதவன் போலத் தறியிலேயே உட்கார்ந்திருந்தான்.

சேவூரில் அந்தத் தெருவிலேயே முதலில் சோலார் மாட்டியவன் அவன்தான். மாட்டிய அன்று நாலு பேர் பார்க்க மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இனிமே நமக்கும் கரண்டு ஆபீசுக்கும் பேச்சே இல்ல" என்று வேறு சொல்லிவிட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆரணிக் கடைக்காரர் என்னவோ ஒழுங்காகத்தான் விளக்கினார். பேட்டரியிலிருந்து நேராக நாலு பல்பும் ஒரு சின்ன ஃபேனும் ஓடுவது ஒரு வகை. நடுவில் இன்வெர்ட்டர் வைத்து மிக்ஸி, டிவி எல்லாம் ஓட்டுவது இன்னொன்று. வெயில் இல்லாத நாளில் கம்பியில் வரும் கரண்டையும் சேர்த்துக்கொள்வது மூன்றாவது. எழிலரசனுக்கு முதல் வகையிலேயே தலை சுற்றியது. பக்கத்தில் நின்ற ஒருவர் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டவே, இவனும் ஆட்டினான். ஆட்டிய ஆட்டில் முதல் வகை வீடு வந்து சேர்ந்தது.

"பல்புக்கு மட்டுந்தானான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு நினைக்க மாட்டான்?"

மானத்தைக் காப்பாற்றச் சின்னதாக ஒரு இன்வெர்ட்டர் வாங்கி நடுவில் செருகினான். மிக்ஸி ஓடியது. சட்னி பாதி அரைபடுவதற்குள் பேட்டரி படுத்துவிட்டது.

எழிலரசன் யோசித்தான். பட்டு நெய்கிறவன் யோசனை எங்கே போகும்? உச்சி வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், சரக்கு கெடும். பேனலும் அப்படித்தான் கெட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, தினமும் பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அதன்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தினான். மூன்றாம் நாள் பல்பும் எரியவில்லை.

எலக்ட்ரீஷியன் சுப்பன் மாடிக்கு வந்து வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"இது இன்னாண்ணே?"

"காய வச்சிருக்கேன்."

"பேனல் மேலயா?"

"சீக்கிரம் காயும்."

சுப்பன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. "வெயில் படாம சார்ஜ் எப்படிண்ணே ஏறும்? வேட்டிய எடுத்தாலும் பல்புதான் எரியும். மிக்ஸிக்குப் பெரிய பேட்டரி, பெரிய செட்டு வேணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். எழிலரசனுக்குக் காதெல்லாம் சுட்டது.

அன்று மாலையே தேசூரிலிருந்து சம்பந்தி கந்தசாமி போன் செய்தார். மகள் உதயாவைக் கட்டிக்கொடுத்த இடம். கழனியில் கட்டிய புது வீட்டுக்கு இன்னும் கரண்டு கம்பம் வரவில்லை என்று அவர் முன்பு யோசனை கேட்டபோது, மாட்டிய புது ஜோரில் எழிலரசன் ஒரு மணி நேரம் பாடமே நடத்தியிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை வரோம் சம்பந்தி. உங்க செட்டு ஓடுறத நேர்ல பாக்கணும்."

எழிலரசன் சரி என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தான். தெருவில் சிரித்தால் பொறுத்துக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டில் தன் பேச்சு பொய்யென்று ஆனால் உதயாதான் தலைகுனிய வேண்டும்.

ஞாயிறு காலை, பூனை போலப் போய் ஃபியூஸை மறுபடி மாட்டினான்.

"வெக்கமா இல்ல?" என்றாள் அகல்யா.

"இருக்குது. அதுக்குத்தான் மாட்டறேன்."

கந்தசாமியும் அவர் மனைவி ரேணுகாதேவியும் வந்தார்கள். உதயாவுக்கு வீட்டில் வேலையாம், வரவில்லை. கூடத்துப் பெரிய ஃபேன் சுற்றியது, டிவி பாடியது, மிக்ஸியில் வடைக்கு அரைபட்டது. கந்தசாமி சமையலறை வாசலிலேயே நின்று மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் தாங்கும் சம்பந்தி?"

"நாள் பூரா ஓடும்."

"பேட்டரி படுத்துக்காது?"

"அதெல்லாம் விவரம் இல்லாம வாங்கறவங்களுக்கு."

கந்தசாமியின் முகம் ஏனோ சுருங்கிப்போனது.

அந்த நேரம் பார்த்து மிக்ஸி, ஃபேன், டிவி மூன்றும் ஒன்றாக நின்றன. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக் காத்தாயி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்: "அகல்யா, தெரு பூரா கரண்டு போச்சு. உங்களுக்கு இன்னா, சோலாரு."

வியர்வை வழிய நின்ற எழிலரசனுக்கு தறிக்குக் கீழே கால் வைக்கும் குழிக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. இதற்குமேல் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. இவ்ளோ நேரம் ஓடினது கரண்டுதான். எனக்கு சோலார்ல ஒரு எழவும் தெரியாது. கேக்க வெக்கப்பட்டுகினு ஏதோ ஒண்ண வாங்கிட்டேன். பொண்ணு மேல கோவிச்சிக்காதீங்க."

கந்தசாமி அவன் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ரேணுகாதேவிதான் முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்:

"கோவம் இன்னா சம்பந்தி, நீங்க சொன்னீங்கன்னு இவரும் அதே செட்ட வாங்கி மாட்டி மூணு மாசம் ஆவுது, அப்பாவுக்குத் தெரிஞ்சா வெக்கப்படுவாருன்னு, உங்க பொண்ணு வாயத் தொறக்காம அம்மியில அரைச்சிகினு இருக்கா."