மட்டைக் கொம்பியூட்டர் மாஸ்ரரும் ஒரு லப்டொப்பும்

கொம்பியூட்டர் என்ற சாமானைக் கண்ணால் காணாமலே ஒரு வருடத்துக்கு மேல் நான் கொம்பியூட்டர் மாஸ்ரராக இருந்தேன். அதுவும் முள்ளியவளையில் பேர்பெற்ற மாஸ்ரர். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய வன்னியில் மட்டுமே இது சாத்தியம். கரண்ட் இல்லை. சண்டைக் காலம், ரோர்ச் பற்றரிக்கே அரசாங்கத்தின் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோவில் செய்தி கேட்டோம். இந்த ஊருக்குள் யார் கொம்பியூட்டரைக் கொண்டுவந்து என்னைச் சோதிக்கப்போகிறார்கள் என்ற துணிவில்தான் வகுப்பைத் தொடங்கினேன்.

வகுப்பு ஒரு கிடுகுக் கொட்டிலில் நடந்தது. பிறிஸ்டல் மட்டையில் கொம்பியூட்டரின் எழுத்துப் பலகையைக் கீறி ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். மாணவர்கள் அதில் விரலால் குத்துவார்கள். நான் பின்னால் கைகட்டி நடந்து, "பிழை, பிழை, அழிச்சுப்போட்டு அடியுங்கோ" என்பேன். (எதை அழிப்பது என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.)

என் அறிவு முழுவதும் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து வந்தது. அதில் ஒரு கம்பனி வீட்டுப் பாவனைக்கென்று செய்த லப்டொப்புகளைப் பற்றி நீண்ட கட்டுரை இருந்தது. மூன்று மாடல். சின்னது மடியைச் சுடும். நடுவிலது பற்றரி நிற்காது. பெரியதற்குத் திரையைத் தாங்கும் பிணைச்சல் பலவீனம். இதுதான் எங்கள் பாடத்திட்டம். "நடு மாடலின் குறைகளைத் தருக" என்று சோதனைகூட வைத்தேன். வகுப்பே கோரசாக ஒப்புவிக்கும். எங்கள் ஊர்க் கிராம அலுவலரான விதானையாரும் மாணவர்தான். பென்சன் எடுக்க முதல் கொம்பியூட்டர் படித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வகுப்பில் முதற்பிள்ளையும் அவரே.

வினை அவர் மூலமாகத்தான் வந்தது. ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தின் கந்தோருக்குக் கொம்பியூட்டர் தெரிந்த இன்னோர் ஆள் தேவை என்று கேள்விப்பட்டவர், "எங்கட மாஸ்ரர் கரைச்சுக் குடிச்சவர்" என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டார். இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து அம்மா இடியப்பம் அவித்துத்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தா. அந்த வேலை கிடைத்தால் அவ அடுப்பை விட்டு எழும்பலாம். இருந்த ஒரே நல்ல சேட்டைச் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் போட்டுக்கொண்டு போனேன். பின்னால் விதானையார். அவருக்குப் பின்னால் வகுப்பு முழுவதும்.

கந்தோர் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரர், அவசரத்தில் இருந்தார். முகாம்களுக்கு மலேரியா மருந்தும் பால்மாவும் கேட்டு எழுதும் அறிக்கை, பின்னேரம் வவுனியாவுக்குப் போகும் வாகனத்தில் போயாக வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாகனம் எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். மேசையில் லப்டொப் மூடியபடி இருந்தது. அதன் மேல் இருந்த பெயரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. என்னுடைய பெரிய மாடல்!

சஞ்சிகை ஆங்கிலத்திலேயே ஒப்புவித்தேன். நினைவகம், எடை, குறைகள், எல்லாம். முக்கியமாகப் பிணைச்சல், மிகக் கவனமாகக் கையாள வேண்டும் என்றேன். வெள்ளைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். யன்னலுக்கு வெளியே விதானையாரின் முகம் பூரித்திருந்தது.

"நல்லது, திறந்து வேலையைத் தொடங்குங்கள்" என்றார் வெள்ளைக்காரர்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. சஞ்சிகைப் படங்களில் எல்லா லப்டொப்பும் திறந்தபடியே இருந்தன. மூடியிருந்தால் எப்படித் திறப்பது என்று ஒரு வரிகூட இல்லை. (கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கரைத்துக் குடித்தவன் கேட்பானா?) ஒரு பக்கத்தில் இரண்டு குமிழ் போலத் தெரிந்தது. இதுதான் வாசல் என்று முடிவுகட்டி, இரண்டு பெருவிரலையும் கொடுத்து, தேங்காய் பிளக்கிற வேகத்தில் நெம்பினேன்.

டக்.

யன்னலில் இருந்து விதானையாரின் குரல் கேட்டது: "பாத்தீங்களே? பிணைச்சல் பலவீனம் எண்டு மாஸ்ரர் அப்பவே சொன்னவர்!"

சாப்பிடப் போயிருந்த தட்டெழுத்தாளர் சுகந்தி அந்த நேரம் பார்த்து வந்தா. "ஐயோ, ஆர் உடைச்சது? முன்பக்கம் கொழுக்கி இருக்கெல்லே, தள்ளினால் திறக்கும்" என்று சொல்லி ஒரு விரலால் தள்ளினா. திறந்தது. ஜெனரேற்றரைப் போட்டார்கள். கொம்பியூட்டர் உயிரோடுதான் இருந்தது. ஆனால் கழுத்து முறிந்த கோழி போலத் திரை பின்னால் சரிந்தது. சரிந்தால் இருண்டுவிடும். செங்கல் வைத்துப் பார்த்தார்கள். ஜெனரேற்றர் அதிர்வில் செங்கலும் சரிந்தது.

சுகந்தி என்னைப் பார்த்தா. "உடைச்சவரே பிடிக்கட்டும்."

பிடித்தேன். அறிக்கை முடியும்வரை, சுவாமிக்குக் குடை பிடிக்கிறவன் மாதிரி, மேசைக்கு மறுபக்கம் நின்று இரண்டு கையாலும் திரையைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் ஓடுகிற கொம்பியூட்டரை முதன்முதலாகப் பார்த்தேன், பின்பக்கத்தால். என் மாணவர்கள் யன்னலால் முன்பக்கத்தைப் பார்த்தார்கள். "மாஸ்ரர், எழுத்து நடக்குது!" என்று கத்தினார்கள். நான் தலையை நீட்டினால் கை ஆடும், கை ஆடினால் திரை இருளும்.

"ஆட்டாதேங்கோ மாஸ்ரர், பால்மா மறையுது" என்றா சுகந்தி.

அறிக்கை போனது. மருந்தும் வந்தது. நானும் போய்விடலாம் என்று பார்த்தால் விடவில்லை. புதுப் பிணைச்சல் கொழும்பிலிருந்து வர அனுமதி எடுக்க வேண்டுமாம். அது என்ன இரும்பு, எதற்குப் பயன்படும், யாருக்கு என்று அரசாங்கத்திடமிருந்து கேள்விமேல் கேள்வி வந்தது. பிணைச்சலுக்கு அனுமதி கிடைக்கும்வரை எனக்கு வேலை கிடைத்தது. அனுமதி கடைசிவரை கிடைக்கவில்லை. அம்மா இடியப்பத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "மகனுக்கு என்ன வேலை?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவன் பிடிச்சால்தான் கந்தோரில கொம்பியூட்டர் ஓடுமாம்" என்று சொல்லித் திரிந்தா. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

திரை தெரியாத இடத்தில் மாதக்கணக்காக நிற்கிறவனுக்குப் பார்க்க இருந்தது எதிரே இருந்த சுகந்தியின் முகம் மட்டும்தான். பிறகு அந்த முகத்தையே கலியாணமும் கட்டினேன். இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள், "நீங்கள் ரெண்டு பேரும் விரும்பிக் கட்டினதாமே?" என்று கேட்டால் என்னைப் பேச விடாமல் சுகந்திதான் பதில் சொல்லுவா:

"விருப்பமும் மண்ணாங்கட்டியும். லப்டொப்புக்கு முண்டு குடுத்துக்கொண்டு நிண்ட மனிசன். கை உளையுமே எண்டு பாவம் பாத்தனான்."