விழிப்புக் கணினியும் ஷௌகத் அலியின் இமைகளும்

சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் பெரியத்தா அடிக்கடி ஒன்று சொல்வார்: "சர்க்காருக்குக் கண்ணு ரெண்டுடா. ஒண்ணு வந்து..." ஒன்று எதற்கு, மற்றது எதற்கு என்று அவர் சொன்னது எனக்கு மறந்துவிட்டது. அவருக்கே ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிதான் வரும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் காலத்தில் சர்க்காரிடம் கேமரா கிடையாது. இப்போது உண்டு.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், பழைய சுக்குக் கிட்டங்கி ஒன்றின் மாடியில், நறுமணப் பொருள் மதிப்பீட்டு வாரியத்தின் கிளை அலுவலகம் இயங்கி வருகிறது. 'இயங்கி வருகிறது' என்பது பெயர்ப்பலகையில் உள்ள வாசகம். அதற்கு நான் பொறுப்பல்ல. வியாபாரிகள் கொண்டுவரும் மிளகு, ஏலம், கிராம்பு வகைகளுக்கு இங்கே தரச்சான்று கொடுப்பார்கள். கொடுப்பவர் ஷௌகத் அலி. பதவியின் பெயர் முதுநிலை மண மதிப்பீட்டாளர். வேலை, மோந்து பார்ப்பது.

பித்தளைத் தட்டிலிருந்து ஒரு கை மிளகை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். மூடினால் மூடியதுதான். கீழே லாரி ரிவர்ஸில் வரும், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சண்டை போடுவார்கள், இவர் வேறெங்கோ இருப்பார். பிறகு கண்ணைத் திறந்து "முதல் தரம்" என்பார், இல்லாவிட்டால் "திருப்பிக் கொண்டுபோ" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசினால் வாசனை கலைந்துவிடும் என்பது அவர் கட்சி. தலைக்கனம் என்பது வியாபாரிகள் கட்சி.

அந்த மூக்கை அவர் பேணியதுபோல் ஊரில் யாரும் குழந்தையைக்கூடப் பேணியதில்லை. கொச்சியில் பிறந்து வளர்ந்தவர், மீன் சாப்பிடமாட்டார். மத்தி பொரிக்கும் வீட்டு வாசலை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பார். மட்டாஞ்சேரியில் அப்படி நடப்பதென்றால் மூச்சே விடாமல் நடப்பது என்று பொருள்.

இந்நிலையில் தலைமை அலுவலகம் 'விழிப்புமிகு பணிச்சூழல் மேம்பாட்டுத் திட்டம்' என்ற ஒன்றைச் சீரும் சிறப்புமாகத் தொடங்கி வைத்தது. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கணினி, அதன் நெற்றியில் ஒரு கேமரா. உட்கார்ந்திருப்பவரின் கண்களை அது இடைவிடாமல் பார்க்கும். கண் திறந்திருந்தால் வேலை. மூடியிருந்தால் தூக்கம். சாயங்காலம் அவரவர் மதிப்பெண் படிக்கட்டு அருகே இருக்கும் டிவியில் ஓடும், பொதுமக்கள் பார்வைக்கு.

இதற்கெல்லாம் ஊழியர்களின் சம்மதம் வேண்டாமா என்றால், சட்டப்படி வேண்டும். கணினியைத் திறந்ததும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தாவிட்டால் கணினி திறக்காது. கணினி திறக்காவிட்டால் வருகைப் பதிவு ஆகாது. வருகை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. இவ்வாறாக, அனைவரும் எவ்வித வற்புறுத்தலும் இன்றித் தம் சுயவிருப்பத்தின் பேரில் ஒப்புக்கொண்டனர்.

முதல் வாரத்திலேயே முடிவுகள் வந்தன. முதலிடம் காமாக்ஷிக்கு. தபால் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். கணினிக்கு அடியில் செல்போனைச் சாய்த்து வைத்து, யாரோ ஒரு பெண் புடவைகளை விரித்துக்காட்டி விற்பதை நாள் முழுக்க இமைகொட்டாமல் பார்த்ததன் மூலம் அவர் இந்தச் சிறப்பை எட்டினார். தபால்கள் கட்டோடு கிடந்தன. அவற்றைப் பற்றித் திட்டத்தில் ஒன்றும் இல்லை. கடைசி இடம் ஷௌகத் அலிக்கு. பெயருக்கு எதிரே சிவப்பில் 'தொடர் நித்திரை'.

உதவி இயக்குநர் முத்துராமலிங்கம் அவரை அறைக்குக் கூப்பிட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், இயந்திரத்திலிருந்து வரும் எதையும் எழுந்து நின்று வாங்குபவர்.

"பாய், கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார்."

"நீங்க பொய் சொல்வீங்களா?"

"மாட்டேன் சார்."

"அப்ப ஒரே வழிதான் இருக்கு. நீங்க தூங்குறது உங்களுக்கே தெரியல."

கண்ணைத் திறந்தால் மூக்கு மூடிக்கொள்ளும் என்று ஷௌகத் அலி விளக்கினார். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முத்துராமலிங்கம் நடைமுறை நூலைப் புரட்டினார். மூக்கு என்ற சொல்லே அதில் இல்லை. ஆகவே கண் திறந்தபடி மோந்து பார்க்குமாறு எழுத்துபூர்வமாக உத்தரவிட்டார்.

கண்ணைத் திறந்துகொண்டு மிளகைத் தேய்த்தால் என்ன ஆகும் என்பது வீட்டில் சமைக்கும் எவருக்கும் தெரியும். தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. கணினி அதையும் கவனித்தது. 'பணியாளர் மன உளைச்சலில் உள்ளார்' என்று முடிவு செய்து, அவசரத் தொடர்புக்குக் கொடுத்திருந்த எண்ணை அதுவே அழைத்தது. அந்த எண் அவர் மனைவி மெஹருன்னிசாவுடையது. உங்கள் கணவர் அலுவலகத்தில் அழுதுகொண்டிருக்கிறார், குடும்பத்தில் ஏதேனும் பிரச்சினையா, ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண்குரல் கனிவோடு கேட்டது. மெஹருன்னிசா ஒன்றை அழுத்திவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் விசாரணை.

"ஆபீஸ்ல போய் அழறீங்களாமே. எங்க அத்தா மௌத்தானப்பகூட ஒரு சொட்டு வரலியே உங்களுக்கு."

"மிளகுடி அது."

"தூங்கறீங்கன்னும் சொல்றாங்க."

"தூங்கல. கண்ணை மூடிட்டு வேலை பாக்கறேன்."

"நான் வாயைத் தொறந்தா இங்கேயும் கண்ணை மூடிக்கறீங்க. அப்பவும் வேலைதான் நடக்குதா? அந்தக் கம்ப்யூட்டருக்கு விவரம் உண்டு."

ஒரு வாரம் அழுதபின் ஷௌகத் அலி பழையபடி கண்ணை மூடினார். கையோடு மாற்றல் உத்தரவு வந்தது: தோப்பும்படிக் கிளை, உலர்மீன் பிரிவு. தூங்கும் பழக்கமுள்ளவர்களுக்கு உகந்த பணியிடம், அங்கே எவராலும் தூங்க இயலாது என்று குறிப்பில் கண்டிருந்தது. கருவாட்டுக் கிடங்கில் ஒரு மாதம் இருந்தால் அந்த மூக்கு பிறகு கண்ணாடி மாட்டத்தான் உதவும். ஷௌகத் அலி உத்தரவைப் படித்துவிட்டு ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு வக்கீலைத் தேடிப் போனார்.

யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை ஒன்றின் மாடியில் வக்கீல் ஸாதனாவின் அலுவலகம். மாற்றலை எதிர்த்து அவர் மனுச் செய்தார். விசாரணை காணொளி வழியாக நடந்தது. தலைமை அலுவலகத்தின் விசாரணை அதிகாரி தன் கேமராவை அணைத்து வைத்திருந்ததால் அவர் கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது கடைசி வரை தெரியவில்லை.

"என் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்கத்தான் அனுமதி கொடுத்தார். கண்ணை மூடினபிறகு உள்ளே இருக்கிறது முகம் இல்லை. அது அவருடைய சொந்த இடம். அங்கே தூக்கம் இருக்கா, வேலை இருக்கா, வேற யாராவது இருக்காங்களான்னு ஊகிக்க ஒரு இயந்திரத்துக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது?" என்று கேட்டார் ஸாதனா.

"அப்ப தூங்குறவனை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்றார் முத்துராமலிங்கம்.

"பக்கத்துல போய்க் கூப்பிட்டுப் பாருங்க."

நேரில் போய்ப் பார்ப்பது என்ற இந்த ஆலோசனை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று பதிவு செய்யப்பட்டது. மற்றபடி மனு ஏற்கப்பட்டது. மாற்றல் ரத்து. ஊழியரின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு, இனிமேல் மூடிய இமை பணியில் இருப்பதாகவே கருதப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஷௌகத் அலி சாயாவும் பழம்பொரியும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார்.

அடுத்து, உத்தரவைக் கணினிக்குத் தெரிவிக்க வேண்டும். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்தவர் நிலைமையை விளக்கினார். இயந்திரத்துக்கு வேலை, தூக்கம் என்று இரண்டு வகைதான் தெரியும். மூடிய கண் வேலை என்றால் திறந்த கண் வேலையில்லை. ஒருவருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு ஒரு மாதிரி வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம், அதற்குப் புதிதாக டெண்டர் விட வேண்டும் என்றார். யாரும் டெண்டரை விரும்பவில்லை. அவர் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அலுவலகம் முழுவதும் கண்ணை மூடியது.

முதல் நாள் காமாக்ஷிதான் சிரமப்பட்டார். புடவையைக் காதால் பார்க்க முடியாதல்லவா. பிறகு அவரும் பழகிவிட்டார். முத்துராமலிங்கம் முன்னுதாரணமாக விளங்கினார். மதியச் சாப்பாட்டைக்கூடக் கண் திறவாமல் தடவித் தடவியே முடித்தார். கிளையின் செயல்திறன் மாநிலத்திலேயே முதலாவதாக ஏறியது. மற்றக் கிளைகளிலிருந்து கல்விச் சுற்றுலா வந்து, ஓசைப்படாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜூ டவுனில் வழிதவறி வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, கிளம்பும்போது காணிக்கை எங்கே போடுவது என்று கேட்டது.

வியாபாரிகள் கோபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. காரணம், சான்றிதழ் தாமதமே ஆகவில்லை. ஷௌகத் அலியின் முன்னால் ஒரு தட்டு இருந்து, அவர் கண்ணும் மூடியிருந்தால், மதிப்பீடு நடந்து முடிந்தது என்று கணினி தானே முடிவு செய்து, தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை அச்சிட்டுத் தள்ளியது. 'கணினிக் கண்காணிப்பில் மதிப்பிடப்பட்டது. முதல் தரம். ஷௌகத் அலி.'

இசக்கிதுரை வந்தது அப்போதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பஜாரில் கடை போட்டிருக்கும் மிளகு வியாபாரி. தட்டை வைத்தார். ஷௌகத் அலி மோந்தார், கண்ணைத் திறந்தார்.

"இது பூஞ்சணம். திருப்பிக் கொண்டுபோ."

"ஆமா பாய். மழையில நனைஞ்சிட்டு. நீங்க தள்ளிருவியன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தேன். ஒரு மனத் திருப்திக்கு."

அதற்குள் ஸ்டிக்கர் வெளியே வந்துவிட்டது. முதல் தரம்.

ஷௌகத் அலி முத்துராமலிங்கத்தின் அறைக்கு ஓடினார். அவர் கண்ணை மூடியபடியே முழுவதையும் கேட்டார்.

"ஆட்சேபணையை எப்ப சொன்னீங்க? கண்ணைத் தொறந்தா, மூடிக்கிட்டா?"

"தொறந்துதான் சார்."

"அப்ப நீங்க பணியில இல்ல. பணியில இல்லாதவர் சொன்னதை நான் எப்படி எடுத்துக்கிறது?"

"மூடிட்டே சொன்னா?"

"மூடியிருக்கும்போதுதான் முதல் தரம்னு சொல்லிட்டீங்களே பாய். ஒரே அதிகாரி ஒரே சாக்குக்கு ரெண்டு கருத்து சொல்லலாமா?"

அப்படியானால் நீங்களே சரக்கை விற்காமல் இருந்துவிடலாமே என்று ஷௌகத் அலி திரும்பி வந்து இசக்கிதுரையிடம் கேட்டுப் பார்த்தார். இசக்கிதுரை ஸ்டிக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்காரே நல்லதுன்னு சொல்லும்போது நான் கெட்டதுங்கலாமா? ஒரு ஏழை வியாபாரி, நமக்கு எதுக்கு பாய் அரசாங்கத்தோட சண்டை?"

மூட்டை மூட்டையாக இருந்த அந்த மிளகு சின்னச் சின்னப் பாக்கெட்டுகளில் கடைகளுக்குப் போயிற்று. ஸ்டிக்கர் ஒட்டியது என்பதால் விலை கொஞ்சம் கூடுதல். கூடுதல் என்பதால் வேகமாக விற்றது. காமாக்ஷி வாங்கினார். ஸாதனா வாங்கி, ஸ்டிக்கர் இல்லாத சாதாரண மிளகு இனி வேண்டாம் என்று தன் வீட்டில் சொன்னார். முத்துராமலிங்கம் மதுரைக்குப் பார்சல் அனுப்பினார். நானும் ஒரு பாக்கெட் வாங்கினேன். கோழிக் குழம்பில் ஒருமாதிரி ஈர மண்வாடை அடித்தது. இதுதான் போலிருக்கிறது உயர்தர மிளகின் மணம், இத்தனை நாள் மட்டமானதைத் தின்றே பழகிவிட்டோம் என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

வாரியம் ஷௌகத் அலியை மாநில விருதுக்குப் பரிந்துரைத்தது. பதவி உயர்வும் உண்டு என்று பேச்சு. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மெஹருன்னிசா மிளகு ரசம் வைத்திருந்தார். ஷௌகத் அலி கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார்.

"இது பூஞ்சணம். கொட்டு."

மெஹருன்னிசா சமையலறைக்குப் போய்ப் பாக்கெட்டை எடுத்துவந்து, தங்க ஸ்டிக்கர் தெரியும்படி அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்கு எதுலயும் ஒரு குத்தம். வாசிச்சுப் பாருங்க, யாரு பேரு போட்டிருக்குன்னு. தெருவுல எல்லாரும் எங்கிட்ட வந்து, உங்க வீட்டுக்காரர் பாஸ் பண்ண மிளகு, உங்க வீட்டுக்காரர் பாஸ் பண்ண மிளகுன்னு சொல்லிச் சொல்லி வாங்கிட்டுப் போறாங்க. ஆபீஸ்ல ஒரு மூக்கு, வீட்டுக்கு ஒரு மூக்கா?"

சொல்லிவிட்டு, அவருடைய பங்கு ரசத்தையும் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டு, நல்லா இருக்கு என்று சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஷௌகத் அலி, தன்னைத் தோப்பும்படி உலர்மீன் பிரிவுக்கு மாற்றும்படி மனு எழுதி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தார்.