சராசரிக்கு மிகாத அன்பு

மனைவி இருக்கும் ஊரில் தானும் இருக்க வேண்டும் என்று ஒரு கணவன் நினைப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம் இல்லை. நயினார்கோவில் பக்கத்து மிளகாய் விவசாயி மாரிச்செல்வம் அப்படித்தான் நினைத்தான். அவன் மனைவி ஜெயப்பிரியா மண்ணைப் பற்றி மேற்படிப்புப் படிக்க ஒரு குளிர் தேசத்துக்குப் போயிருந்தாள். அனுப்பி வைத்தவனே அவன்தான். "நீ படி, நான் பாத்துக்கிறேன்" என்று மதுரை விமான நிலையத்தில் வீரமாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் பரமக்குடி வரைக்கும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான். அவளோடு கொஞ்ச நாளாவது இருந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

ராமநாதபுரத்தில் ஓர் உரக்கடை மாடியில் 'ஏழுகடல் அயலக ஆலோசனை மையம்' நடத்திவந்தவர் பூமிநாதன். சித்திரை வெயிலிலும் கோட்டும் டையும் போட்டிருப்பார். அவர் கடல் கடந்தது பாம்பன் பாலத்தில் மட்டும்தான். ஆனால் எந்த நாட்டு விசாவைப் பற்றிக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார்.

"மூணு வழி இருக்கு தம்பி. ஒண்ணு, டிபென்டென்ட் விசா. பொண்டாட்டியச் சார்ந்து வாழுறவருன்னு அர்த்தம்."

கூட வந்திருந்த மாரிச்செல்வத்தின் அப்பா மூக்கையா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எட்டு ஏக்கர் மொளகாக் காட்டுக்காரன் பொண்டாட்டியச் சார்ந்து வாழுறானா? நான் ஊருக்குள்ள எப்படி நடமாடுறது?"

"பதறாதீங்க. அவங்க படிக்கிற படிப்புக்கு அந்த விசாவ நிறுத்திட்டாங்க."

"அப்பச் சரி" என்று மூக்கையா உட்கார்ந்தார்.

"ரெண்டாவது, ஸ்டூடன்ட் விசா. தம்பியும் அங்கன போயி எதாச்சும் படிக்கணும்."

"பத்தாவதுல கணக்கு இன்னும் நிக்கிது சார்" என்றான் மாரிச்செல்வம்.

"அப்ப மூணாவதுதான். விசிட்டர். ரெண்டே ரெண்டு விஷயத்த நிரூபிச்சாப் போதும். சம்சாரத்தப் பாக்கத்தான் போறீங்க. பாத்துட்டுத் திரும்பி வந்துருவீங்க."

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தின் முதல் கேள்வி, மனைவியை முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்பது.

"எங்க வீட்லதான் சார். அவ பொறந்த அன்னைக்கு. எங்க அத்த மகள்ல."

"அய்யய்யோ, அதச் சொல்லாதீங்க. காபி ஷாப்புல சந்திச்சதாப் போடுவோம். வெள்ளக்காரனுக்கு அதான் புரியும்."

"நயினார்கோவில்ல காபி ஷாப்பு ஏது சார்?"

"அவன் வந்தா பாக்கப் போறான்?"

காபி ஷாப் போக மற்றதை, மனைவியைப் பார்க்காமல் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார்கள். பதில் வந்தது. 'தாங்கள் தங்கள் மனைவி மீது மிகுந்த அன்பு கொண்டிருப்பது தெளிவாகிறது. எனவே தாங்கள் ஊர் திரும்புவீர்கள் என்று நம்புவதற்கு இடமில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

இரண்டாம் முறை பூமிநாதனே எழுதினார். மனைவி மீது பெரிய பிடிப்பு எதுவும் இல்லை, உயிரெல்லாம் மிளகாய்க் காட்டின் மேல்தான் என்று போட்டார். அதற்கும் பதில் வந்தது. 'பிடிப்பில்லாத மனைவியைப் பார்க்க ஒருவர் இவ்வளவு தூரம் வருவது ஐயத்துக்குரியது. நிராகரிக்கப்படுகிறது.'

பூமிநாதன் டையைத் தளர்த்திவிட்டு யோசித்தார். "தம்பி, அன்பு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நடுவாந்தரமா இருக்கணும். அதுக்கு கவர்மெண்டு சர்டிபிகேட் வேணும்."

கிராம நிர்வாக அலுவலர் இருளம்மாள் நேர்மையானவர். கம்ப்யூட்டரில் சான்றிதழ் வகைகளை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தார். சாதிக்கு உண்டு, வருமானத்துக்கு உண்டு, கணவனால் கைவிடப்பட்டவளுக்கு உண்டு.

"கைவிடாதவனுக்கு இல்லையேப்பா" என்றார்.

வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். அங்கிருந்தவர்கள் கோப்பை நாலு மேஜைக்கு நகர்த்தி, 'நடுவாந்தரம் என்ற சொல் விதிகளில் இல்லை. பயிர்க் காப்பீட்டில் பின்பற்றப்படும் சராசரி முறையைப் பின்பற்றலாம்' என்று பதில் அனுப்பினார்கள்.

பயிர்க் காப்பீட்டுச் சராசரியை இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கும் நாலு வயலில் அறுத்துப் பார்த்துவிட்டு, ஊர் முழுக்க நல்ல விளைச்சல் என்று எழுதுவார்கள். கருகிப்போனவன் கதறினாலும் சராசரி சராசரிதான். அதே முறைப்படி இருளம்மாள் அன்புக்கும் மாதிரி எடுக்கப் புறப்பட்டார். முதல் வீடு தனுஷ்கோடி வீடு.

"உங்க சம்சாரத்து மேல அன்பு உண்டா?"

"எதுக்கு மேடம்? எதுவும் திட்டம் வந்திருக்கா?"

"உண்டா இல்லையா?"

"இருக்கும் மேடம். எல்லாருக்கும் இருக்குற மாதிரி."

மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே விளைச்சல்தான். கடைசியில் சான்றிதழ் வந்துவிட்டது. 'மேற்படி மாரிச்செல்வம் தன் மனைவி மீது வைத்துள்ள அன்பானது, வட்டத்தின் சராசரிக்கு மிகாமலும் குறையாமலும் உள்ளது எனச் சான்றளிக்கப்படுகிறது.' அதைக் கண்டதும் அந்த நாட்டார் மறுபேச்சில்லாமல் விசா கொடுத்தார்கள்.

"சராசரியா மச்சான்?" என்று போனில் கேட்டாள் ஜெயப்பிரியா.

"அது பேப்பருக்கு புள்ள."

"சரி, எப்படியாச்சும் வந்து சேரு. எனக்கு இங்கன யாரும் இல்ல."

இதற்குள் ஊரில் அந்தச் சான்றிதழ் நாகரிகமாகிவிட்டது. அரசாங்கம் எதையாவது கொடுக்கிறது என்றால் அது எதற்கு என்று கேட்கிற வழக்கம் நமக்கு என்றைக்கு இருந்தது? ஆண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினார்கள். 'சராசரிச் சான்று பெற்ற எங்கள் அண்ணன் தனுஷ்கோடி அவர்களை வாழ்த்துகிறோம்' என்று பஸ் ஸ்டாப்பில் பிளக்ஸ் எழும்பியது. தரகர்கள் ஜாதகத்தோடு அதையும் கேட்டார்கள். 'கட்டிக்கப் போறவ மேல ஆச கூடுதல்' என்று வாய்தவறிச் சொன்ன ஒரு மாப்பிள்ளையை, இவன் பொண்டாட்டி பேச்சைக் கேட்பான் என்று பெண் வீட்டாரே ஒதுக்கினார்கள்.

பூமிநாதன் மாரிச்செல்வத்துக்குப் பயிற்சி கொடுத்தார். மூக்கையாவை எதிரே நிறுத்தி, அவர்தான் ஜெயப்பிரியா என்றார். "பாத்ததும் சிரிக்கலாம், பல்லு தெரியக்கூடாது. கையத் தூக்கலாம், தோளுக்கு மேல போகக்கூடாது." அப்பாவைப் பார்த்து மாரிச்செல்வம் மிகச் சரியாகச் சராசரியாகச் சிரித்தான்.

அந்த நாட்டு விமான நிலையத்தில் அதிகாரி அவனுடைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அவளை விடப் பெரிய கோட்டுக்குள் ஜெயப்பிரியா நின்றாள். அவ்வளவுதான். "ஏ ஜெயா!" என்று மாரிச்செல்வம் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது. கை இரண்டும் தலைக்கு மேல் போயின. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

அதிகாரி சான்றிதழைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பவரைப் போனில் பிடித்து ஒரே கேள்வி கேட்டார். "இது சராசரியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க" என்றான்.

திருப்பி அனுப்பும் விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் இருவரும் கண்ணாடிக்கு இரு பக்கமும் நின்று போனில் பேசினார்கள்.

"மெலிஞ்சிட்ட மச்சான்."

"நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அதற்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் ஊருக்கு வந்த சில நாளில் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. 'மேற்படி நபரின் அன்பு சராசரியை வெகுவாக மிஞ்சியது என அயல்நாட்டு அதிகாரிகள் நேரில் கண்டறிந்துள்ளதால், அவருக்கு வழங்கப்பட்ட சான்று ரத்து செய்யப்படுகிறது.' தலைகுனிவு என்று மூக்கையா அதை ஒளித்து வைத்தார். ஆனால் தனுஷ்கோடியின் மனைவி சேதுலட்சுமி அதை மாரிச்செல்வத்திடமே கேட்டு வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாட்டியிருந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த திங்கட்கிழமை ஊர்ப் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்துக் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போனார்கள். எங்கள் கணவர்மாருக்குக் கொடுத்த சான்றுகளையும் ரத்து செய்ய வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். மனு இறங்கி இறங்கி இருளம்மாளிடமே வந்தது. அவர் மறுபடி வீடு வீடாகப் போனார்.

"உங்க சம்சாரம் எங்க?"

"இங்கனதான் எங்கிட்டாச்சும் கெடப்பா மேடம்" என்றான் தனுஷ்கோடி. சேதுலட்சுமி அவனுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு வீடு விடாமல் பார்த்து முடித்து, பொழுது சாய இருளம்மாள் தன் வீட்டுக்கு வந்தார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கணவர் சொன்னார். "வந்துட்டியா? காபி போடு."

இருளம்மாள் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து அறிக்கை எழுதினார். அதன்மேல் பிறந்த உத்தரவு எல்லாப் பெண்களுக்கும் பதிவுத் தபாலில் வந்தது.

'கள ஆய்வில், மேற்படி சான்றுகள் அனைத்தும் சரியாகவே வழங்கப்பட்டுள்ளன என்பது உறுதியாவதால், தங்கள் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'