மரவள்ளிக்கிழங்குக்கு ஏழரைச் சனி

சாரங்கனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அக்கா அருள்நாயகி வீட்டில் உப்புத் தண்ணீரில் காலை வைத்தால் தண்ணீர் தெளிவாகவே கிடக்கிறது. அதே காலை வெள்ளவத்தையில் சங்கிலி சுவாமியின் கரண்ட் பெட்டி பூட்டிய பிளாஸ்டிக் பேசினில் வைத்தால் பத்து நிமிடத்தில் தேத்தண்ணீர் நிறம்!

"உடம்பிலயிருந்து சனீஸ்வரன்ர இரும்பு இறங்குது" என்றார் சுவாமி. கொட்டாஞ்சேனையிலிருந்தும் கல்கிசையிலிருந்தும் சனம் பஸ் ஏறி வந்தது. மாடிப்படியில் செருப்பைக் கழற்றியவர்கள் மூளையையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஏறினார்கள்.

இதோடு நின்றிருந்தால் சாரங்கன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் அக்காவின் குதிகாலில் இரண்டு மாதமாக ஆறாத புண். இரத்தத்தில் சிங்க் என்ற உலோகச் சத்து குறைவென்று டொக்டர் குளிசை கொடுத்திருந்தார். "இருக்கிற உலோகம் போதாதெண்டு இன்னும் விழுங்கிறீங்களோ?" என்று சுவாமி கேட்டார். குளிசை குப்பைக்குப் போனது. புண் பெருத்தது.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் சாரங்கன் பொறுமையாகச் சொன்னான். "அக்கா, புண் ஆறப் புதுத் தோல் வேணும். 'வளர்' எண்டு சிக்னல் வந்தா, உடம்பின்ர கலத்துக்குள்ள ஒரு ஜீன் முழிச்சு, சிங்கைப் பிடிச்சு வைக்கிற புரதத்தைச் செய்யும். அதுதான் ஸ்டோர் கீப்பர். தேவையான இடத்துக்குச் சிங்கை எடுத்துக் குடுக்கும். ஸ்டோர்ல சாமானே இல்லாட்டி அவர் என்ன செய்வார்?"

"போடா! தண்ணி நிறம் மாறினதை நான் கண்ணால கண்டனான்."

கண்ணால் கண்டதற்குக் கண்ணால்தான் மறுமொழி. அடுத்த சனிக்கிழமை அக்காவோடு போனான். தன் முறை வந்ததும் பையிலிருந்து ஒரு மரவள்ளிக்கிழங்கை எடுத்தான்.

"சுவாமி, எனக்குப் பதிலா இது."

"தம்பி, விளையாட வேண்டாம்."

"வையுங்கோவன் சுவாமி!" என்றார் பின்னால் நின்ற யோசெப்பின் மாமி, முழு விசுவாசத்தோடு. "தண்ணி தெளிவாக் கிடந்தா உங்களுக்குத்தானே பேர்."

சாரங்கன் கிழங்கைப் பேசினுக்குள் வைத்துப் பெட்டியின் சுவிட்சைப் போட்டான். பத்து நிமிடம். தேத்தண்ணீர்.

"ஐயோ, கிழங்குக்கும் ஏழரைச் சனியோ?" என்றார் மாமி.

"மண்ணுக்குள்ள கிடந்த சாமான்..." என்று சுவாமி இழுத்தார்.

"சரி, கிழங்கும் வேண்டாம்." புதுத் தண்ணீர், புது உப்பு, உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி தேத்தண்ணீர்! சுவாமிக்கு மருதானையில் ஏதோ அவசர வேலை ஞாபகம் வந்தது.

"அப்ப அந்த இரும்பு ஆர்ட?" என்றாள் அக்கா.

பெட்டியிலிருந்து பேசினுக்குள் இறங்கிய இரண்டு கம்பிகளையும் சாரங்கன் தூக்கிக் காட்டினான். பாதி அரித்திருந்தன. "இதுகளின்ர. உப்புத் தண்ணிக்குள்ள கரண்ட் போனா இரும்பு கரைஞ்சு துருவாகும். அவ்வளவுதான்."

அக்கா படியிறங்கிச் செருப்பை மாட்டினாள். "வாற வழியில பார்மசி திறந்திருந்ததே?" என்றாள்.

காலை வைக்கச் சொல்கிறவரிடம் முதலில் காலில்லாமல் காட்டச் சொல்லுங்கள். மூளையைச் செருப்போடு வைக்காதவர்களுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.