பாலத்தைக் காணோம்

“பாலத்தைக் காணோம்” என்றார் தளபதி.

சொல்லிவிட்டு மூக்கு காகிதத்தில் படும்வரை குனிந்து மறுபடியும் தேடினார். மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் ஆறு மேலிருந்து கீழ்வரை நெளிந்து ஓடியது. இந்தக் கரையில் சிவப்புப் படை. அந்தக் கரையில் நீலப் படை. நடுவே தண்ணீர், தண்ணீர், தண்ணீர்.

“ரெண்டு படையும் கரையில நின்னு கையாட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார் அச்சகத்துக்காரர். “வரைபடம் மொத்தமும் அடிச்சு, மடிச்சும் ஆச்சு சார்.”

தளபதி என்றதும் முறுக்கு மீசையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கரப்பான் பூச்சியை அடிக்க மனைவியைக் கூப்பிடுகிற மனுஷன். பழைய போர்களைப் பற்றி மாதாமாதம் வெளிவரும் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். இதழோடு இணைப்பாகக் கொடுக்கும் போர் விளையாட்டு அவர் பொறுப்பு. மடித்த வரைபடம் ஒன்று, பிய்த்தெடுக்க அட்டைக் காய்கள், கூடவே விதிகள் அச்சிட்ட சின்னப் புத்தகம். அலுவலகம் அதற்காகக் கொடுத்த பட்டம்தான் தளபதி.

அந்த விளையாட்டுக்கும் பிழைக்கும் என்ன ஜென்மப் பந்தமோ! ஒரு மாதம் கடலுக்குப் பாலைவனத்தின் நிறம் விழுந்து, கப்பல்களெல்லாம் மணலில் நின்றன. இன்னொரு மாதம் சிவப்புப் படைக்குக் குதிரைகள் வந்தன, வீரர்கள் வரவில்லை. இதழ் கடைக்குப் போன அன்றே தொலைபேசி அலறத் தொடங்கிவிடும்.

“எட்டாம் விதியைப் பார்க்கவும்னு போட்டிருக்கீங்க. புத்தகம் ஏழோட முடிஞ்சுபோச்சு. எட்டை எங்க போய்ப் பார்க்கறது? உங்க வீட்டுக்கு வரவா?”

இப்படிக் கேட்டுக் கேட்டு வரவேற்பறைப் பெண் நொந்துபோயிருந்தாள். முதலாளியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“இதோ பாருய்யா, இந்த இதழுக்கு ஒரே ஒரு புகார் வந்தாலும் விளையாட்டுக்கு மூடுவிழா. அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போடுவேன். அதைப் போட வெளியில ஆள் இருக்கு” என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். அதற்கு அர்த்தம் புரியாத அளவுக்குத் தளபதி அப்பாவி இல்லை. பிள்ளையைப் பெற்றவன் மாதிரி அந்த விளையாட்டை வளர்த்தவர். அதுவும் போய், வேலையும் போனால் என்ன செய்வது?

“காய் அட்டையும் விதிப் புத்தகமும் இன்னும் அச்சுக்குப் போகலையே?” என்று அச்சகத்துக்காரரைக் கேட்டார்.

“இல்ல சார்.”

“அப்ப விடுங்க. ஒரு கை பார்த்துடறேன்.”

முதல் யோசனை சுலபமாகத்தான் வந்தது. பாலம் இல்லையென்றால் நீந்தட்டுமே! ‘படைகள் ஆற்றை நீந்திக் கடக்கலாம்’ என்று ஒரு விதி எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியை நீலப் படையிலும், ஊரிலிருந்து வந்திருந்த மச்சினனைச் சிவப்புப் படையிலும் உட்காரவைத்தார்.

மனைவி முதல் ஆட்டத்திலேயே பீரங்கியை ஆற்றில் இறக்கி, அக்கரை ஏற்றி, தலைநகரின் வாசலில் நிறுத்தினாள்.

“அடியே, பீரங்கி எப்படிடி நீந்தும்?”

“நீந்தாதுன்னு எங்க எழுதியிருக்கீங்க?”

எழுதவில்லை. தளபதி பல்லைக் கடித்துக்கொண்டு நீச்சல் விதியை அடித்துவிட்டார். அதற்குப் பதில் படகு விட்டார். காய் அட்டையில் படகுக்கு இடம் வேண்டுமே என்று இரண்டு குதிரைப் படைகளைத் தூக்கினார்.

மச்சினன் தன் படை முழுவதையும் ஒரே படகில் அடுக்கினான். காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோபுரமாக நின்றன. படகை நட்டாற்றில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

“என்னடா, கரைக்கு வரலையா?”

“எதுக்கு மாமா? தண்ணியில இருக்கறவனை அடிக்க உங்க புத்தகத்துல வழியே இல்லையே. நான் இங்கயே இருக்கேன். சாப்பாடு ஆனதும் கூப்பிடுங்க.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ‘ஒரு படகில் ஒரு படைதான்’ என்று தளபதி அடுத்த விதியைப் போட்டார். இப்போது படகுகள் போவதும் வருவதுமாக இருந்தன. கடைசிப் படை கரையேறுவதற்குள் ஆட்டத்துக்குக் கொடுத்த சுற்றுகள் எல்லாம் தீர்ந்து, ஒரு குண்டுகூட வெடிக்காமல் போர் முடிந்தது.

“இது போர் மாதிரி இல்லைங்க” என்றாள் மனைவி. “படகுத் துறையில சீட்டு வாங்கிட்டு நிக்கற மாதிரி இருக்கு. பேசாம வேற வேலை தேடுங்களேன்.”

“தேட மாட்டேன்” என்றார் தளபதி. “இதுல ஜெயிக்காம விட மாட்டேன்.”

குரலில் இருந்த உறுதியைப் பார்த்து அவளே கொஞ்சம் பயந்துவிட்டாள். காய்களைப் பழையபடி அடுக்கினாள்.

மறுநாள் குளிக்கும்போது தளபதிக்கு மூளையில் பளிச்சென்று அடித்தது. வரைபடத்தில்தானே பாலம் இல்லை? பாலத்தையே ஒரு காயாக அச்சடித்துக் கொடுத்துவிட்டால்? வாசகர் அதை ஆற்றின்மேல் வைத்துக்கொள்கிறார், தீர்ந்தது கதை! ஈரத் தலையோடு ஓடிவந்து அட்டையில் ஒரு பாலத்தை வெட்டினார். படகையும் தூக்கினார். குதிரைகள் திரும்பி வந்தன. ஆட்டம் ஜோராக ஓடியது. குண்டுகள் வெடித்தன, கோட்டைகள் விழுந்தன. தளபதிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அப்போது மச்சினன் பாலத்தைத் தூக்கி மூன்று கட்டம் தள்ளிவைத்தான்.

“டேய், என்னடா பண்றே?”

“முதல் விதி என்ன மாமா? எல்லாக் காயும் ஒரு முறைக்கு மூணு கட்டம் நகரலாம். இதுவும் காய்தானே?”

அடுத்த முறை பாலம் மலையேறியது. அதற்கடுத்த முறை காட்டுக்குள் நுழைந்தது. நீலப் படை அசந்திருந்த நேரத்தில் பாலம் தலைநகருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

“சரணடைஞ்சிடு அக்கா” என்றான் மச்சினன். “பாலம் ஊரைப் பிடிச்சிடுச்சு.”

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தளபதி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, ‘பாலம் நகராது, சண்டை போடாது, ஊரைப் பிடிக்காது’ என்று எழுதினார். பிறகு ஒவ்வொரு விதியையும் மச்சினன் புத்தியோடு படித்துப் பார்த்தார். ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மூவரும் ஆடினார்கள். சாயங்காலம் மச்சினனே கையைத் தூக்கிவிட்டான்.

“முடியல மாமா. எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தி வெச்சிருக்கீங்க.”

அதோடு விட்டாரா? அச்சகத்தில் இயந்திரத்தின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கட்டுக் கட்டும் இடத்தில் நின்று, ஒவ்வொரு உறையிலும் பாலம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். “ஐயா, தள்ளுங்க, நாங்க கட்டணும்” என்று பெண்கள் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தார்.

இதழ் கடைக்குப் போனது.

தொலைபேசி அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. வரவேற்பறைப் பெண் சந்தேகப்பட்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“உயிரோடதான் சார் இருக்கு” என்றாள்.

வாரம் ஒன்று போனது. முதலாளி தன் அறையிலிருந்து இறங்கிவந்து தளபதியின் தோளில் கைபோட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அந்தத் தோளுக்கு வந்ததே இல்லை.

“ஒரு புகார் இல்லையேய்யா! சாதிச்சுட்டே! இனிமே இதுதான் நம்ம தரம். இதுல ஒரு நூல்கூடக் குறையக் கூடாது.”

“குறையாது சார்” என்றார் தளபதி. உலகத்திலேயே தன்னைவிட நிம்மதியான ஆள் யாரும் இல்லை என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். கையில் இந்த மாத இதழ். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

“இதுல வர்ற விளையாட்டைப் பண்றது யாரு? ஒரு புகார் சொல்லணும்.”

முதலாளியின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. வரவேற்பறைப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். தளபதி மட்டும் அசரவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“நான்தாம்மா. எங்க தப்பு இருக்குன்னு சொல்லுங்க. எந்தத் தப்பா இருந்தாலும் திருத்தாம விட மாட்டேன்.”

“தப்பே இல்லைங்கறதுதான் புகாரு! மாசம் பூரா நாலு சிநேகிதர்களோட உட்கார்ந்து உங்க விளையாட்டுல தப்புக் கண்டுபிடிச்சுச் சந்தோஷமா இருந்த எங்க வீட்டு மனுஷன், இந்த மாசம் ஒண்ணும் கிடைக்காம என் சமையல்ல கண்டுபிடிக்க ஆரம்பிச்சுட்டாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தம்பி, அடுத்த மாசம் ரெண்டு தப்பாவது பார்த்துப் போடுங்க!”