புது மூட்டும் வளைகாப்பு மேடையும்

நோயாளிகளிலேயே அடங்காதவர்கள் யார் என்று கேட்டால், ஓய்வுபெற்ற நர்ஸுகள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். (கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தாலும் அதே பதில்தான்.) மயிலம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, சொன்ன பேச்சைக் கேட்காத ஜனங்களைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிக்கொண்டவள் நான். அப்படிப்பட்ட எனக்கு இடது முட்டி தேய்ந்துபோய் புது மூட்டு வைத்தார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர், “என்ன வேணா பண்ணுங்க சிஸ்டர், தரையில மட்டும் உக்காராதீங்க” என்றார். எனக்கே புத்திமதியா என்று சிரித்துக்கொண்டேன்.

நான் மட்டும் மூட்டு மாற்றியிருந்தால் ஒழுங்காகக் குணமாகியிருப்பேன். அதே மாதத்தில், அதே விழுப்புரம் ஆஸ்பத்திரியில், அதே டாக்டரிடம் என் மகள் நித்யாவின் மாமியார் வசந்தாவும் வலது மூட்டை மாற்றிக்கொண்டார். ‘பொருத்தம்னா இதுதான் பொருத்தம்’ என்றார் என் வீட்டுக்காரர். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

நாங்கள் திண்டிவனம். அவர்கள் விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கிற குடும்பம். தினமும் காலையில் சம்பந்தி வசந்தா போன் செய்து நலம் விசாரிப்பார். அது நலம் விசாரிப்பு அல்ல, உளவு.

“இன்னா சம்பந்தி, முட்டி எவ்ளோ மடங்குது?”

பிசியோதெரபிஸ்ட் அப்போதுதான் என் காலை அளந்து பார்த்து, தொண்ணூறு டிகிரியைத் தாண்டவில்லை என்று உதட்டைப் பிதுக்கியிருப்பார். நான் நூற்றுப்பத்து என்பேன். உடனே அந்தப் பக்கமிருந்து, தனக்கு நூற்றுப் பதினைந்து என்று பதில் வரும். மறுநாள் நான் நூற்றிருபது. இதே வேகத்தில் போயிருந்தால் எங்கள் குதிகால்கள் தொடையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்திருக்கும்.

வெறும் வீம்பு என்றால்கூட விட்டிருக்கலாம். நித்யாவுக்கு அப்போது ஏழாவது மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் சம்பந்தி மெல்ல ஆரம்பித்தார்.

“நீங்களே வாக்கர புடிச்சிக்கினு நடக்கறீங்க. புள்ளத்தாச்சிய எப்பிடி பாத்துக்குவீங்க? அது பாட்டுக்கு இங்கயே இருக்கட்டுமே.”

உங்க காலை மட்டும் ரப்பர்லயா செஞ்சாங்க என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். நித்யாவைக் கேட்டால், இரண்டு பக்கத்துக்கும் சரியென்று தலையாட்டிவிட்டு மாங்காய் தின்னப் போய்விட்டாள். என் மகள் எனக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று அன்று ராத்திரி உண்மையாகவே அழுதேன். எனக்குக் கால் வந்துவிட்டது என்று ஊர் முன்னால் காட்டியாக வேண்டும். அதற்கு வளைகாப்பைவிட நல்ல நாள் ஏது?

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வளைகாப்பு. ஏழு வகைச் சாதம், சீர்த்தட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வேனில் போய் இறங்கினோம். கைத்தடியை வேனிலேயே விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். நான் பார்த்த பார்வையில் தடியை அவரே ஊன்றிக்கொண்டார்.

மேடையில் அலங்கார நாற்காலியில் நித்யா. அவள் காலடியில் ஜமுக்காளம். பக்கத்தில் எங்கள் இருவருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்போது சம்பந்தி, இரண்டு பக்க உறவும் கேட்கும்படி, “சம்பந்திக்கு நாக்காலிய நல்லா கிட்ட இழுத்துப் போடுங்கப்பா. பாவம், அவங்களால முடியாது” என்றார்.

அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, அதுதான் என்னைக் கவிழ்த்தது.

“எனக்கு எதுக்குப்பா நாக்காலி? நான் கீழயே உக்காந்துக்கறேன்” என்றேன்.

கீழே போவது ஒன்றும் கஷ்டமில்லை. பூமி ஒத்துழைக்கும். நித்யாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் கௌரவமாக இறங்கினேன். மீதி தூரம் விழுந்தேன். நல்லவேளை, மேளச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. காலை ஒரு மாதிரி நீட்டி, புடவையால் மூடி, முகத்தில் புன்னகையை ஒட்டிக்கொண்டு நிமிர்ந்தால், சம்பந்தியும் அதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருக்கிறார். எங்கள் இருவர் பாரத்தில் நித்யா நாற்காலியோடு ஆடினாள்.

உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உண்மை உறைத்தது. எழ வேண்டும் என்றால் ஒரு காலை மடக்கி ஊன்ற வேண்டும். புது மூட்டை ஊன்றக் கூடாது. மாற்றாத மூட்டோ ஏற்கெனவே உளுத்தது. (அடுத்த வருஷம் அதையும் மாற்றச் சொல்லியிருந்தார் டாக்டர்.) ஆக, ஊன்றுவதற்கு மூன்றாவது கால் ஒன்று வேண்டும்.

முதல் வளையல் தாய் போட வேண்டும். உட்கார்ந்தபடியே கையை நீட்டினேன். நித்யா குனிய முடியாமல் கையை மட்டும் தாழ்த்திக்கொடுத்து, எந்திரிக்க முடியலயா என்று ரகசியமாகக் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வளையலைப் போட்டுக்கொள் என்றேன். நலங்கு நடந்தது, ஆரத்தி நடந்தது. கூப்பிட்டவர்களுக்கெல்லாம், “இருக்கட்டும், நீங்க போங்க” என்று நாங்கள் இருவரும் மாறிமாறிச் சொன்னோம். எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மேடையில் நானும் சம்பந்தியும் வீடியோக்காரரும் மட்டும் மிச்சம்.

எனக்கு முட்டி விண்ணென்று தெறித்தது. மூட்டு நகர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நர்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தால், சம்பந்தியின் கன்னத்துச் சந்தனத்தில் வியர்வை கோடு போட்டிருந்தது.

“சம்பந்தி, மெய்யா சொல்லுங்க. உங்களுக்கு எந்திரிக்க வருதா?” என்று கேட்டேன்.

“வர்ல. உக்காந்ததுல இருந்தே வர்ல” என்றார். பிறகு சன்னமாக, “எனக்கு எண்பத்தஞ்சுதான் மடங்குது” என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவருக்கும்தான். சிரித்தால் முட்டி வலிக்கிறது, வலித்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. சத்தம் கேட்டு நித்யா வந்தாள். பின்னாலேயே, சாம்பார் கையோடு அரைப் பந்தி வந்தது. நித்யா எங்களைத் தூக்கக் குனிந்தாள். குனியாதே என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம். மாப்பிள்ளையும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து என்னை இழுத்தார்கள். என் ஜாக்கெட் கிழிந்தது. நான் அசையவில்லை.

நித்யா இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்தாள். “ரெண்டு பேரும் தேச்சிக்கினே மேடை ஓரத்துக்கு வாங்க. காலத் தொங்கப்போட்டா நாக்காலியில உக்காந்த மாதிரிதான். அப்பிடியே எந்திரிச்சிடலாம்” என்றாள்.

வேறு வழியில்லை. பட்டுப்புடவையோடு, நீட்டிய கால் நீட்டியபடி, தவழத் தெரியாத குழந்தைகள் மாதிரி நகர்ந்தோம். உறவினர்கள் வழிவிட்டார்கள். பாதி வழியில் சம்பந்தி எனக்கு ஒரு முழம் முன்னால் போயிருப்பதைக் கவனித்தேன். என்ன சொல்ல? வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார். மாப்பிள்ளை வீட்டு ஜனம் அந்தப் பக்கம் கைதட்ட, எங்கள் ஜனம் இந்தப் பக்கம் தட்டியது. யார் முதலில் வந்தது என்பதில் இன்றுவரை இரண்டு குடும்பத்துக்கும் ஒத்த கருத்தில்லை.

நலங்குச் சந்தனம் கன்னத்தில் காய, அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே பார்க்கும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை. மூட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களுக்குத்தான் ஆனது. டாக்டர் திட்டிய திட்டு, நான் ஊரில் அத்தனை பேரைத் திட்டியது வட்டியோடு திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்ததும் நித்யா தீர்ப்புச் சொன்னாள். பிரசவத்துக்குத் திண்டிவனம்தான் வருவாள், ஆனால் அத்தையும் கூடவே வர வேண்டும், இரண்டு பேரையும் விட்டால் தனித்தனியாக ஏதாவது செய்துகொள்வார்கள். அப்படியே நடந்தது. காலையில் இரண்டு கட்டிலில் இரண்டு பேரும் காலைத் தூக்கித் தூக்கி இறக்க, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவள் எண்ணுவாள். பேத்தி பிறந்தபோது நாங்கள் இருவரும் தடியில்லாமல் நடந்துபோய்ப் பார்த்தோம்.

வீடியோதான் எங்களை விடவில்லை. எங்கள் வீட்டில் யார் கொஞ்சம் பீற்றிக்கொண்டாலும் உடனே அதைப் போட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளை அதைப் பிசியோதெரபிஸ்டுக்கு வேறு அனுப்பிவைக்க, அவர் எங்கள் அனுமதியோடு (கேட்டபோது மறுக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை) புதிதாக மூட்டு மாற்றிக்கொள்கிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். போன மாதம் நானும் சம்பந்தியும் செக்கப்புக்குப் போயிருந்தோம். வாக்கரோடு வந்த ஓர் அம்மாள் எங்களை உற்று உற்றுப் பார்த்துவிட்டு, மேடையில் தேய்த்துக்கொண்டு போனது நீங்கள்தானே என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார்.

“அது இவங்கதாம்மா. நான் இவங்கள தூக்கப் போனவ.”